ஆர்க்கிட் ஒட்டுண்ணியா? ஒரு பெயரின் வரலாறும் ஹைதராபாத் சன்னலோரமும்

ஹைதராபாத் நர்சரிகளில் முதன்முறையாக ஆர்க்கிட் வாங்குபவரின் கைக்கு வருவது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ். உள்ளிருக்கும் வேர் தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டி, இறுக அடைத்த பாசி, வளைந்த தண்டில் ஏழெட்டு வெள்ளைப் பூக்கள். வீடு சேர்ந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அந்தச் சிறு தொட்டியின் மேல் இரக்கப்பட்டு, செடியைச் செம்மண்ணும் எருவும் நிறைந்த பெரிய தொட்டிக்கு மாற்றுவது. ரோஜாவுக்கும் துளசிக்கும் பலித்த முறை இதற்கும் பலிக்கும் என்ற எண்ணம். சில வாரங்களில் வேர் பழுத்து நைகிறது, இலை சுருங்குகிறது. சுருங்கிய இலையைத் தாகத்தின் அறிகுறியாகக் கொண்டு மேலும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. அத்துடன் செடியின் கதை முடிகிறது.

இந்தச் செடி எதை உண்டு, எதன்மேல் வாழ்கிறது என்ற குழப்பம் புதியதன்று. ஆர்க்கிட்டுகளுக்கு இந்நாட்டிலும் வெளியிலும் இடப்பட்ட பெயர்களுக்குள்ளேயே அது பதிந்து கிடக்கிறது.

1795-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்துக்குக் கிழக்கே, கோதாவரி வட்டாரத்துச் சாமர்லகோட்டையில் பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டுக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றிருந்தார் வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் ‘எபிடென்ட்ரம் டெசலேட்டம்’ என்ற பெயரில் இடம்பெற்றது. எபிடென்ட்ரம் என்பது லின்னேயஸ் 1753-இல் ஆண்ட பேரினப் பெயர். ‘மரத்தின் மேல்’ என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். டெசலேட்டம் என்றால் கட்டம் கட்டமாகக் கோலமிட்டது. மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் ஓடும் வலைக்கோடுகளைக் கண்டவருக்கு இப்பெயர் புரியும்.

அதே ஆண்டில் அதே செடி இன்னொரு பெயரிலும் அச்சேறியது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைச் சொன்ன 1786-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுக்காக மொழியியல் மாணவர் எல்லோரும் அறிந்த வில்லியம் ஜோன்ஸ், இந்தியச் செடிகளைப் பற்றியும் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த மறு ஆண்டில் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழின் நான்காம் தொகுதியில் அவை வெளியாயின. அதில் இந்தச் செடிக்கு அவர் தந்த பெயர் ‘வந்தா’. சமஸ்கிருதத்தில் வந்தா, வந்தாக என்பன பிற மரங்களின் மேல் ஒட்டி வளரும் செடிகளுக்கான பொதுப்பெயர்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியும் அதற்குள் அடங்கும். தெலுங்கில் ‘பதனிக’ என்ற சொல்லும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளூர்ப் பெயரை மதித்து ஏற்ற அறிஞர், அந்தப் பெயருக்குள் இருந்த கருத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்.

1820-இல் ராபர்ட் பிரவுன் வந்தாவை முறையான பேரினமாக்கினார். எபிடென்ட்ரம் பின்னர் அமெரிக்கக் கண்டத்து இனங்களுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. இன்று இச்செடியின் அறிவியல் பெயர் ‘வந்தா டெசலேட்டா’. பாதி ஜோன்ஸ் தந்தது, பாதி ராக்ஸ்பர்க் தந்தது. விடுபட்டுப் போனது ‘மரத்தின் மேல்’ என்ற பகுதி. செடியைப் பற்றிய சரியான செய்தி அந்தப் பகுதியில்தான் இருந்தது.

இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவில் இதைவிடத் துல்லியமான பெயர் அச்சேறியிருந்தது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் கடைசித் தொகுதியில் ஆர்க்கிட்டுகள் ‘மரவர’ என்று குறிக்கப்படுகின்றன. மலையாளத்தின் மரவாழ, அதாவது மரத்தின் மேலிருக்கும் வாழை. (வாழை தனித்து வரும்போது அதே நூலில் ‘பால’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பியச் செவியில் ழகரம் ஓரிடத்தில் லகரமாகவும் இன்னோரிடத்தில் ரகரமாகவும் விழுந்திருக்கிறது.) அஞ்ஜிலி மரவாழ போன்ற பெயர்கள் இடம் தரும் மரத்தையும் சேர்த்தே சொல்கின்றன. எங்கே வாழ்கிறது என்று சொல்லும் பெயர் இது. எதைத் திருடுகிறது என்று சொல்வதில்லை. நூலுக்குச் செடிகளின் பெயரும் பயனும் சொன்னவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவர்.

பெயரில் இருந்த இந்த அறிவு வளர்ப்பவர்களை எட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆர்க்கிட்டுகள், வெப்பமண்டலம் என்றால் ஓயாத சூடும் ஈரமும் இருளும் என்ற நம்பிக்கையில், காற்றுப் புகாத கண்ணாடி அறைகளில் அடைக்கப்பட்டு இறந்தன. சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் சன்னல்களைத் திறந்து வெப்பத்தைக் குறைத்த பிறகே நிலைமை மாறியது. அதற்குப் பின்னும் இழப்பு நிற்கவில்லை. 1850-இல் காசி மலையில் ஜோசப் ஹூக்கர் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை நீல வந்தாவைச் சேகரித்தார். உயிருடன் இங்கிலாந்து சேர்ந்தவை சிலவே. இன்னொருவர் அனுப்பிய ஒரே சுமை, வாடிய நிலையிலும் 300 பவுனுக்கு விலைபோனது. மலை வெறுமையானதற்கு இந்த விலையே போதுமான விளக்கம்.

மரவாழ என்ற பெயர் சரி என்பதற்கு வேரே சான்று. புல்லுருவி தன் உறிஞ்சு வேரை மரத்துக்குள் செலுத்துகிறது. ஆர்க்கிட்டின் வேர் பட்டையைப் பற்றிக்கொள்கிறதே தவிர உள்ளே நுழைவதில்லை. அந்த வேரைச் சுற்றி வெலமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. இறந்த உயிரணுக்களால் ஆன அது, மழை பெய்யும் சில நிமிடங்களில் நீரைப் பிடித்துக்கொள்ளும். பின்பு காற்றில் உலரும். உலர்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. மண்ணில் புதைக்கும்போது இந்த உறை உலரவே வழியில்லாமல் அழுகுகிறது.

ஒட்டுண்ணி என்ற பழியில் ஒரு துளி உண்மையும் உண்டு. தூசு போன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. முளைக்கும்போது அது ஒரு பூஞ்சையை உண்டே வளர்கிறது. இதை 1899-இல் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரைக் கூழில் விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டினார். ஒரு காலத்தில் பிரபுக்களின் கண்ணாடி வீட்டில் மட்டும் இருந்த பூ, இன்று நடுத்தர வீட்டுச் சன்னலுக்கு வருவதற்கு அந்தச் சோதனைக் குப்பிகளே தொடக்கம்.

ஹைதராபாத் வீட்டில் ஃபெலனாப்சிஸ் பிழைக்க வேண்டுமானால், சன்னல் மரக்கிளையைப் போல இருக்க வேண்டும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சன்னல் ஏற்றது. பூ உதிர்ந்த பின் பாசியை நீக்கி, தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு ஆகியவற்றில் வைக்கலாம். நீர் ஊற்றும் நாளை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது, வேரின் நிறம் தீர்மானிக்க வேண்டும். வெள்ளியாக மாறியதும் காலையில் தொட்டியைப் பத்து நிமிடம் நீரில் அமிழ்த்தி, முழுதும் வடியவிட வேண்டும். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தங்கினால் குருத்தழுகல் வரும். கருங்கல் பாறைக்குள்ளிருந்து வரும் போர்வெல் நீர் பல பகுதிகளில் கடினமானது, வேரில் உப்புப் படியும். மழைநீரைப் பிடித்துவைப்பது நல்லது. 40 பாகையைத் தாண்டும் மே மாதத்தில் ஏ.சி. அறையைவிட, ஈரக்காற்றைத் தரும் ஏர் கூலர் ஓடும் அறை செடிக்கு இதமானது, நேராக முகத்தில் அடிக்காதவரை.

மறுமுறை ஏன் பூக்கவில்லை என்பது எல்லோருடைய கேள்வி. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட சில வாரங்கள் சுமார் 25 பாகைக்குக் கீழான குளுமை தேவை. நவம்பர் முதல் சனவரி வரை தக்காணத்து இரவுகள் அதைத் தாமாகவே தருகின்றன. சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

ஆனால் இந்நகரத்துக்கு இயல்பான ஆர்க்கிட் தென்கிழக்காசியாவிலிருந்து வந்த ஃபெலனாப்சிஸ் அன்று. ராக்ஸ்பர்க்கும் ஜோன்ஸும் எழுதிய அதே வந்தா டெசலேட்டா தெலங்கானா, ஆந்திரக் காடுகளின் வறண்ட மரங்களில் மே வெயிலைத் தாங்கி வாழ்கிறது. நீல உதடுள்ள அதன் மணமிக்க பூ எந்தக் கண்ணாடி வீட்டையும் கேட்பதில்லை. காட்டிலிருந்து பிடுங்காமல், நர்சரியில் பெருக்கிய செடியாகத் தேடி வாங்கி, வீட்டு மாமரத்தின் சொரசொரப்பான கிளையில் தேங்காய் நாரால் கட்டினால், புது வேர் பட்டையைப் பற்றிய பின் நார் தேவைப்படாது.