கணக்குக் காட்டாதவருக்குக் குடத்தில் இடமில்லை

உத்திரமேரூர் என்றதும் நம் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்த ஊரைக் குறிப்பிட்டார். வங்கியில் லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கோ, அந்தக் கல்வெட்டில் தேர்தலைவிடக் கணக்கு பற்றிய விதிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது அந்தணர்களுக்குத் தரப்பட்ட ஊராக உருவானது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், ஊர்ச் சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அவற்றை இன்றும் பார்க்கலாம். முதல் விதிகள் வந்து இரண்டே வருடத்தில் திருத்தம்! முதலில் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு, 35 முதல் 70 என்று மாறியது. பைலா திருத்தம் என்றாலே மூன்று கூட்டம் கோரம் இல்லாமல் ஒத்திவைக்கும் நமக்கு இது ஆச்சரியம்தான்.

ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டுவார். விஷயம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! பிறகு அவர் வாசிப்பார், கூடியிருக்கும் நம்பிமார்களும் வாசிப்பார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். தப்புச் செய்தால் நடுவிலேயே நீக்கம்.

இனி கணக்குக்கு வருவோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அதோடு விட்டிருந்தால் சாதாரண விதி. அவருடைய தகப்பன், மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவர், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவுகளை அடுக்கி, இவர்களுக்கும் கிடையாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். பினாமி என்ற சொல் வருமுன்பே அதற்கு வழியடைத்துவிட்டார்கள். கணக்குக் காட்டாதவருக்கு வீட்டிலேயே என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

கணக்கருக்கும் தனி விதி உண்டு. தன் காலத்துக் கணக்கைப் பெரியவர்களிடம் காட்டிச் சுத்தமானவர் என்று பெயர் வாங்காமல் மறுபடி அந்த வேலை கிடையாது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கரை விட்டு முடிக்க முடியாது. "பழைய பொருளாளர் காலத்து விஷயம், எனக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

இத்தனை கண்டிப்புக்கு நியாயமும் உண்டு. வாரியத்தின் கையில் ஊரின் தண்ணீர் இருந்தது. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைத் தூர் வார, பொன்னை முதலாகக் கொடுத்து அதன் வட்டியில் வேலை நடக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் பாஷையில் ஃபிக்சட் டெபாசிட். அந்த முதலில் கை வைத்தால் அடுத்த கோடையில் வயல் காயும்.

இதையெல்லாம் சொல்லி, அது அப்பழுக்கற்ற மக்களாட்சி என்று நான் வாதாடப் போவதில்லை. வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். பெண்களுக்கும், நிலத்தில் உழைத்தவர்களுக்கும் அந்த மண்டபத்தில் இடமில்லை. அரசனின் அதிகாரியும் உடனிருந்துதான் இந்த விதிகள் முடிவாயின.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலையும், ஏரிக்கரையையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் தாராளமாகப் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வேன் பேசிவிடலாம். செலவுக் கணக்கை நானே எழுதிக் காட்டுகிறேன்.