"இன்றைக்கு இரவு என்ன சமைப்பது?" வாரத்துக்கு ஒரே முறை முடிவெடுத்தால் போதும்

வேலை முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களில் மாலை 6 மணிக்கு மேல் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்கு இரவு என்ன சமைப்பது? தொழிற்சாலை ஷிப்ட் முடித்து வருபவருக்கும், நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வருபவருக்கும் அந்த நேரத்தில் யோசிக்கத் தெம்பு இருப்பதில்லை. அதனால் பதில் பெரும்பாலும் வழியில் உள்ள கடையிலேயே கிடைத்துவிடுகிறது. மீ கோரெங் நான்கு பொட்டலம். இல்லையென்றால் ரொட்டி சானாய்.

ஒரு நாள் வாங்குவதில் தவறில்லை. அது பழக்கமாகும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஒரு பொட்டலம் 7 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 28 வெள்ளி ஆகும். மாதம் 20 வேலை நாள்களுக்கு 560 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரவுச் சாப்பாட்டுக்கே போய்விடும்.

உண்மையில் சமைப்பதற்கு அரை மணி நேரம் போதும். சோர்ந்து போன நேரத்தில் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதுதான் சுமை. அந்த முடிவை வாரத்துக்கு ஒரு முறை, ஓய்வாக இருக்கும் நேரத்தில் எடுத்துவிட்டால் மற்ற நாள்கள் இலேசாகும்.

தோட்டத்தில் இருந்த வசதி

தோட்டப்புற வாழ்க்கையில் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் பால்மரம் வெட்டி முடித்துப் பிற்பகலுக்குள் வீடு திரும்பினார்கள். அடுப்பு மூட்ட நேரம் இருந்தது. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் கறிவேப்பிலையும் நின்றன. வீட்டில் நெத்திலியும் கருவாடும் பருப்பும் இருந்தால், கீரையைப் பறித்துப் போட்டுச் சமையலை முடித்துவிடலாம்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது அந்த நேரமும் போனது, கொல்லையும் போனது. ஆனால் அந்தச் சமையலின் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். எப்போதும் வீட்டில் இருக்கும் சில பொருள்களோடு அன்றைக்குக் கிடைக்கும் ஒரு பச்சைக் காய்கறி சேர்ந்தால் இரவுச் சாப்பாடு தயார்.

எது மலிவு, எது செலவு

2025ஆம் ஆண்டு நிலவரப்படி சில அடிப்படைப் பொருள்களின் விலை அரசாங்கக் கட்டுப்பாட்டில் உள்ளது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. 1 கிலோ பொட்டலச் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. 1 கிலோ பொட்டலச் சாதாரணக் கோதுமை மாவு 1 வெள்ளி 35 காசு.

நால்வரின் இரவுச் சோற்றுக்கு 350 கிராம் அரிசி போதும். உள்ளூர் அரிசி கிடைத்தால் அதற்கான செலவு 1 வெள்ளிக்கும் குறைவு. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நேர்ந்ததுபோல் கடைகளில் உள்ளூர் அரிசி தட்டுப்பட்டு, இறக்குமதி அரிசி வாங்க நேரும்போது செலவு கூடும்.

கோழிக்கான விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் முதல் தேதியோடு நீங்கியது. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்ட் முதல் தேதியோடு முடிவுக்கு வந்தது. ஆகவே மாதச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் கறியும் மீனும்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கறி, மீன் வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் பருப்பு, கடலை, முட்டை, தெம்பே ஆகியவற்றுக்கு மாறினால் செலவு குறையும், சத்தும் குறையாது. 100 கிராம் தெம்பேயில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு.

ஏழு இரவுக்கு ஏழு வகை

குறிப்பிட்ட பதார்த்தத்தை முடிவு செய்வதைவிட, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகையை முடிவு செய்வது எளிது. புதன்கிழமை மீகூன் என்று இருந்தால், அதில் என்ன காய் போடுவது என்பதை மட்டும் அன்றைய சந்தை விலை முடிவு செய்யும். ஞாயிறு காலையில் சந்தைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு மாதிரி வாரம் இது.

ஞாயிறு: மதியம் வைத்த கோழிக்கறி மீதம் இருக்கும். இரவுக்கு ரசமும் ஒரு காய்ப் பிரட்டலும் போதும்.

திங்கள்: பருப்பும் கீரையும். 200 கிராம் மைசூர் பருப்பை ஊற வைக்கத் தேவையில்லை. 20 நிமிடத்தில் வெந்துவிடும். வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டி, கங்கோங் அல்லது பாயாம் கீரையை நறுக்கிப் போட்டு 3 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்: சப்பாத்தியும் கடலைக்கறியும். காலையில் வேலைக்குப் போகும் முன் 200 கிராம் கொண்டைக்கடலையை நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் மாலையில் குக்கரில் போடலாம். உருளைக்கிழங்கு ஒன்று சேர்த்தால் குழம்பு கெட்டியாகும். நீரிழிவு உள்ளவர்கள் வெள்ளை மாவுக்குப் பதில் ஆட்டா மாவில் சப்பாத்தி போடுவது நல்லது.

புதன்: மீகூன் பிரட்டல். ஒரு 400 கிராம் பொட்டலம் நான்கைந்து பேருக்குப் போதும். தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். பூண்டும் அரைத்த மிளகாயும் வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, சாவி, முட்டைக்கோஸ், தவ்கே சேர்த்துப் பிரட்டி, கடைசியில் மீகூனைப் போட வேண்டும். மீகூன் எவ்வளவோ அவ்வளவு காய் இருந்தால்தான் அது முழுச் சாப்பாடு ஆகும்.

வியாழன்: மீன். கெம்போங் மலிவாகக் கிடைத்தால் குழம்பு வைக்கலாம். இல்லையென்றால் 425 கிராம் சார்டின் டின் ஒன்று போதும். இரண்டு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கரண்டி மிளகாய்த்தூள் வதக்கி, டின்னில் உள்ளதைக் குழம்போடு கொட்டி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும். டின் மீனில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகே உப்பு போட வேண்டும். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தால் காய்க்கு ஆயிற்று.

வெள்ளி: சைவம். சாம்பாரும் தெம்பே வறுவலும். தெம்பேயைச் சிறு துண்டாக நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் பிரட்டிக் குறைந்த எண்ணெயில் சிவக்க வறுத்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். புரட்டாசி மாதத்தில் முழுச் சைவம் இருக்கும் வீடுகளில் வியாழனுக்கும் கடலையோ தெம்பேயோ வைத்துக்கொள்ளலாம். முட்டை சேர்க்காதவர்கள் திங்களும் புதனும் அதை விட்டுவிட்டுப் பருப்பையும் காயையும் கூட்டிக்கொள்ளலாம்.

சனி: மீதத்தைத் தீர்க்கும் நாள். குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சிய காய்கள் எல்லாம் சேர்த்து ஒரு சூப்போ, பிரட்டிய சோறோ போடலாம். வெளியே சாப்பிடுவதோ, பசார் மாலாமில் வாங்குவதோ என்றால் அதற்கும் இந்த நாளையே ஒதுக்கலாம்.

வாரத்தில் ஒரு நாள் கண்டிப்பாக ஓவர்டைம் என்றால் அந்த நாளுக்கு மிக எளிய வகையை வைக்க வேண்டும். அட்டவணை வீட்டின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி அமைந்தால்தான் நிலைக்கும்.

ஒரு முறை வேலை, இரண்டு இரவு சாப்பாடு

ஒன்றரைக் கிலோ கோழியை ஒரே குழம்பாக வைக்காமல் மூன்றாகப் பிரிக்கலாம். தொடையும் காலும் ஞாயிறு கறிக்கு. நெஞ்சுச் சதையைப் பொடியாக நறுக்கிப் பிரீசரில் வைத்தால் புதன்கிழமை மீகூனுக்கு. எலும்பும் கழுத்தும் சூப்புக்கு. பச்சைக் கோழியை வெறும் குளிரில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் உறைய வைக்க வேண்டும். உறைந்த இறைச்சியை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் மாலை சமைக்கத் தயாராக இருக்கும்.

வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊற வைத்த காய்ந்த மிளகாய் ஆகியவற்றை ஞாயிறன்று மொத்தமாக அரைத்து, எண்ணெயில் வதக்கி, ஆறியதும் புட்டியில் வைத்துக் குளிரூட்டினால் வார நாள் குழம்புகள் பாதி முடிந்த மாதிரி. இதனால் ஒவ்வொரு மாலையும் 10, 15 நிமிடம் மிச்சமாகும்.

ஆண்டிறுதி மழைக் காலத்தில் கீரையும் மீனும் விலை ஏறுவது வழக்கம். அப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும் முட்டைக்கோஸ், காரட் போன்றவை கைகொடுக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் ஓரிரண்டு தொட்டி வைக்கலாம். சந்தையில் வாங்கிய கங்கோங்கின் தண்டை அடிப்பகுதியோடு நட்டுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் துளிர்க்கும். கறிவேப்பிலையும் பாண்டானும் தொட்டியிலேயே வளரும்.

மலிவு என்று சோற்றைக் கூட்டினால்

செலவைக் குறைக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. அரிசியும் மாவும் எண்ணெயும்தான் மலிவு. கவனிக்காவிட்டால் தட்டில் சோறு மலையாகவும் காய் ஒரு கரண்டியாகவும் மாறிவிடும்.

இது நம் சமூகத்துக்கு அலட்சியம் செய்யக்கூடிய விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. மூன்று பெரிய இனங்களில் அதுவே அதிகம்.

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் "சூக்கு சூக்கு செப்பாரோ" முறை நினைவில் வைக்க எளிது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். மேலே சொன்ன இரவுகளில் பெரும்பாலானவற்றில் கீரையோ காயோ இருப்பது இதற்காகத்தான். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் செலவுக்காகவும் சோர்வுக்காகவும் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சாப்பிடும் நேரத்தையும் அளவையும் மாற்றுவதாக இருந்தால் கிளினிக்கில் கேட்டுச் செய்ய வேண்டும்.

மீதச் சோற்றில் கவனம்

மீதத்தை மறுநாள் பயன்படுத்துவது சிக்கனம்தான். ஆனால் சமைத்த சோற்றை இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டு மறுநாள் பிரட்டுவது ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு அறைச் சூட்டில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்புக்கும் அதே அவசரம் தேவை.

முடிவு எல்லாருக்கும் தெரியட்டும்

பல வீடுகளில் என்ன சமைப்பது என்பது அம்மாவின் தலையில் மட்டும் இருக்கிறது. அவர் வரும் வரை அடுப்பு எரிவதில்லை. வாரப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டால், முதலில் வீடு திரும்புபவர் யாராக இருந்தாலும் அரிசியைக் கழுவி ரைஸ் குக்கரில் போடலாம். பள்ளி முடிந்து வரும் பிள்ளை கீரையை ஆய்ந்து வைக்கலாம். அப்பா வெங்காயம் உரிக்கலாம். அம்மா வந்து தாளித்தால் சாப்பாடு தயார்.

முதல் வாரமே ஏழு நாளும் சரியாக நடக்க வேண்டும் என்பதில்லை. அதிகம் வெளியே வாங்கும் மூன்று இரவுகளை மட்டும் முதலில் பட்டியலில் எழுதலாம். திங்களுக்குப் பருப்பு, புதனுக்கு மீகூன், வியாழனுக்கு ஒரு சார்டின் டின் என்று இந்த மூன்றும் வீட்டில் இருந்தால் போதும். ஓர் இரவுக்கு மிச்சமாகும் தொகையை அதே தாளின் ஓரத்தில் குறித்து வந்தால், மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது மற்ற நாள்களையும் பட்டியலில் சேர்க்கத் தானாகவே மனம் வரும்.