பட்டம் தவறிய கடன்

ஏப்ரலில் பருத்தி விதைக்கக் கேட்ட கடன் ஜூலையில் கைக்கு வந்தால் அந்தப் பணத்துக்கு வட்டி கட்டலாம்; பயிர் வைக்க முடியாது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகள் நிலம் இழந்த கதையில் கொலைமிரட்டல், மோசடி, போலிப் பத்திரம் எல்லாமே உண்டு. அவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அரசாங்கத்தின் பங்கு மட்டும் சட்டப் புத்தகங்களில் தேடினால் அகப்படாது. கறுப்பர்களுக்குப் பயிர்க்கடன் கிடையாது என்று எந்த மத்தியச் சட்டமும் சொன்னதில்லை. மனுவின் மேல் விழுந்த தேதி முத்திரைகளில்தான் அதைத் தேட வேண்டும். வாஷிங்டனில் போட்ட சட்டத்தை உள்ளூர் மேசையில் தாமதம் என்னும் ஒற்றைக் கருவியால் செல்லாக்காசாக்கினார்கள்.

1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கறுப்பின விவசாயிகள் 9,25,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1997இல் எஞ்சியவர்கள் சுமார் 18,500 பேர். இதைச் சொன்னதுமே எழும் மறுப்பு, எல்லா விவசாயிகளும்தானே குறைந்தார்கள் என்பது. உண்மைதான். டிராக்டரும் பருத்தி பறிக்கும் இயந்திரமும் வந்தன, சிகாகோவும் டெட்ராய்ட்டும் கூலி கொடுத்து அழைத்தன, லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். 1920ஆம் ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. அந்த ஒன்பது லட்சத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர்தான். மற்றவர்கள் வாரத்துக்கு உழுதவர்கள், குத்தகைதாரர்கள். வாரக்குடி ஊரை விட்டுப் போனதை நில இழப்பில் சேர்ப்பது சரியாகாது. இவை அத்தனையையும் கழித்துவிட்டே பார்ப்போம். 1920இல் சொந்த நிலத்துக்காரர்கள் மட்டும் சுமார் 2,18,000 பேர். 1997இல் மிஞ்சிய எல்லாருமே சொந்த நிலத்துக்காரர்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதே காலத்தில் வெள்ளையர் பண்ணைகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தன. இயந்திரமும் நகரமும் இரு தரப்புக்கும் பொதுவானவை. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அவை காரணமாக முடியாது.

வித்தியாசம் எங்கே உண்டானது என்று தேடினால் வந்து நிற்கிற இடம் கவுண்டிக் குழு. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பகுதி. 1862இல் தொடங்கிய வேளாண்மைத் துறையை லிங்கன் மக்களின் துறை என்றார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தத் துறை பெருத்தபோது, திட்டங்களை நடத்தும் பொறுப்பை உள்ளூர் விவசாயிகளின் குழுக்களிடமே ஒப்படைத்தது. கேட்பதற்கு நல்ல ஜனநாயகம்தான். ஆனால் கறுப்பர்களை வாக்குச்சாவடிப் பக்கமே அண்டவிடாத ஊரில் உள்ளூர் ஜனநாயகம் என்றால் பெரிய பண்ணைக்காரரும் அவருடைய பங்காளிகளும் மைத்துனர்களும்தான். யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி போட அனுமதி என்பதை அந்தக் குழு முடிவு செய்தது. 1933இல் விலையை நிமிர்த்துவதற்காக முளைத்து நின்ற பருத்தியில் ஒரு கோடி ஏக்கரை உழுது அழித்தார்கள்; நஷ்டஈட்டுப் பணம் நிலச்சொந்தக்காரர் கைக்குப் போக, வாரக்குடிகள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் கண்டது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

சிறு பண்ணைகள் எங்குமே அழியும், கறுப்பர் பண்ணைகள் சிறியவை, அதனால் அழிந்தன என்பவர்கள் இந்தப் பருத்தி ஏக்கர் ஒதுக்கீட்டை மறந்துவிடுகிறார்கள். பருத்தி ஏக்கரைக் குறைத்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தவருக்குக் கடன் தரத் தகுதியில்லை என்று எழுதலாம். கடன் இல்லாதவர் இயந்திரம் வாங்க முடியாது. சிறுமையை உண்டாக்கிய கையே அதைக் காரணமாகவும் காட்டியது. 1946இல் உருவான ஃபார்மர்ஸ் ஹோம் அட்மினிஸ்ட்ரேஷன், வேறெங்கும் கடன் கிடைக்காத விவசாயிக்காகவே ஏற்பட்ட வேளாண்மைத் துறை அமைப்பு. அதன் கவுண்டி அதிகாரி நினைத்தால் மனுவைப் படிவம் தீர்ந்துபோயிற்று என்று திருப்பலாம், விதைப்பு முடியும் வரை மேசையில் வைத்திருக்கலாம், கேட்டதில் பாதியை அனுமதிக்கலாம். பணம் வந்தாலும் காசோலையில் அவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று கண்காணிப்புக் கணக்கில் போடலாம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அலுவலக மந்தம். நிலம் ஏலத்துக்குப் போகும்போதுதான் எல்லாம் சேர்ந்து உருவம் கொள்ளும்.

அது வெறும் மந்தமல்ல என்பதை 1950களும் 60களும் காட்டுகின்றன. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பள்ளிப் பிரிவினையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டவர், வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்தவர் ஆகியோரின் கடனை நிறுத்துவது இனப்பிரிவினையைக் காக்க எழுந்த வெள்ளையர் மன்றங்களின் வாடிக்கையாயிற்று. டென்னசியின் ஃபேயட் கவுண்டியில் 1960இல் வாக்காளராகப் பதிந்ததற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கூடாரங்களில் குடியிருந்தன. சிவில் உரிமை மாணவர் இயக்கத்தினர் 1960களின் நடுவில் கவுண்டிக் குழுத் தேர்தலில் கறுப்பின விவசாயிகளை நிறுத்தியபோது, உள்ளூர் வெள்ளையர்கள் வாக்குச்சீட்டில் இன்னும் பல கறுப்பர் பெயர்களைச் சேர்த்து ஓட்டைச் சிதறடித்தார்கள். தேர்தல் தந்திரத்தில் உலகம் முழுவதும் ஒரே பள்ளிக்கூடம்தான் போலிருக்கிறது. 1965இல் மத்திய அரசின் சிவில் உரிமை ஆணையம் இந்தத் துறையின் பாகுபாட்டை அறிக்கையாகவே வெளியிட்டது. முப்பது ஆண்டு கழித்து, 1996இல், நாடு முழுவதிலும் இருந்த 8,147 குழு உறுப்பினர்களில் கறுப்பர்கள் 37 பேர். 1997இல் துறையே அமைத்த குழு, தென்கிழக்கில் பல மாநிலங்களில் கறுப்பர் மனுவுக்கு மற்றவர்களுடையதைப் போல மும்மடங்கு நாள் பிடித்ததாக ஒப்புக்கொண்டது. விவசாயிகள் அந்தத் துறைக்கு வைத்திருந்த பட்டப்பெயர், கடைசி அடிமைப் பண்ணை.

பாதிக்கப்பட்டவர்கள் ஏன் அப்போதே வழக்குப் போடவில்லை? புகார் கொடுத்தார்கள். 1983இல் ரேகன் ஆட்சி, துறைக்குள் புகார்களை விசாரித்த பிரிவைக் கலைத்துவிட்டது. அதன்பின் வந்த காகிதங்கள் பெட்டியில் கிடந்தன. வழக்குக்கான இரண்டாண்டுக் கெடுவும் தாண்டிப் போயிற்று. தாமதமே இங்கும் வேலை செய்தது. வட கரோலினாவின் டிமதி பிக்ஃபோர்ட் முதலியோர் 1997இல் தொடுத்த வழக்கு உயிர்பிழைத்ததே 1998இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தக் கெடுவைத் தளர்த்தியதால்தான். 1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃப்ரீட்மன் உடன்பாட்டை ஏற்றார்: எளிய வழியில் நிரூபித்தவருக்கு 50,000 டாலர், கடன் தள்ளுபடி.

இந்த உடன்பாட்டைப் பற்றிய மறுப்பு கடுமையானது. ஆதாரத்தின் அளவுகோல் தாழ்ந்திருந்தது, மோசடிக்காரர்கள் புகுந்தார்கள் என்பது. அளவுகோல் தாழ்ந்திருந்தது நிஜம். ஆனால் ஆவணங்கள் இருந்தது பிரதிவாதியான துறையிடம். தன்னைப் போன்ற நிலைமையில் இருந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று மனுதாரர் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரரின் கடன் பாஸ்புத்தகத்தை யார் பார்த்திருப்பார்? அப்படியும் சுமார் 22,000 மனுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தள்ளுபடியாயிற்று. பொய் மனு எதுவுமே நுழையவில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காக மெய் மனுக்கள் பொய்யாகிவிடா. காலம் கடந்து வந்ததாக 70,000 பேருக்கு மேல் ஒதுக்கப்பட்டதுதான் கூடுதல் வேடிக்கை: தாமதத்துக்காக வழக்காடியவர்களைத் தாமதத்தைக் காட்டியே திருப்பினார்கள். அவர்களுக்காக 2010 டிசம்பரில் ஒபாமா 125 கோடி டாலர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டார். 2021இல் பைடன் ஆட்சி அறிவித்த கடன் தள்ளுபடியோ, இனத்தை வைத்துச் சலுகை தருவது சமத்துவத்துக்கு எதிரானது என்று வெள்ளை விவசாயிகள் தொடுத்த வழக்குகளில் முடங்கி, மறு ஆண்டே ரத்தாயிற்று. அந்த வாதத்தில் சட்ட வலு இருக்கலாம். கடன் புத்தகத்தில் பல தலைமுறையாக இனம் பார்த்தவர்கள் அதைத் திருத்தும் நாளில் மட்டும் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்வதை வரலாறு படித்தவர் எளிதில் விழுங்க மாட்டார்.

ஜார்ஜியாவின் லீ கவுண்டியில் 1969இல் சார்ல்ஸ் ஷெரோட், ஷெர்லி ஷெரோட் தம்பதியும் தோழர்களும் நியூ கம்யூனிட்டீஸ் என்ற பெயரில் சுமார் 5,700 ஏக்கரைக் கூட்டாக வாங்கினார்கள். எழுபதுகளின் வறட்சியில் அவர்கள் கேட்ட அவசரக் கடனை உள்ளூர் அதிகாரி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. பிக்ஃபோர்ட் வழக்கின் வழியே 2009இல் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1.2 கோடி டாலர். பழைய நிலம் திரும்பவில்லை. அந்தப் பணத்தில் 2011இல் ஆல்பனி நகரத்துக்கு அருகே வேறொரு பண்ணை வாங்கினார்கள். பரப்பு 1,638 ஏக்கர். ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த பண்ணை அது.