போல்டர் நகரத்தார் இட்ட வரி



உலகின் வெப்பம் உயர்ந்து வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால், வல்லரசுகளும் சர்வதேச மகாநாடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கியோட்டோ, பாரிஸ் என்னும் நகரங்களின் பெயர்கள், அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கைகளின் காரணமாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவையாகிவிட்டன. ஆனால், தெருவிளக்கையும் குடிநீரையும் குப்பையையும் கவனிக்கும் ஒரு நகரசபையிடம் சென்று, “பூமியின் வெப்பம் ஏறுகிறதே, அதற்கு நமது சபை என்ன செய்யப் போகிறது?” என்று கேட்ட மக்களும் உளர். கேட்டதோடு அமையாது, அதற்கு வேண்டிய பணத்தைத் தம்மீதே வரியாக விதிக்குமாறு வாக்களித்தவர்களும் உளர். அத்தகையோர் வாழும் ஓர் ஊரின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கொலராடோ மாநிலத்தில், றொக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது போல்டர் நகரம். 1859ஆம் ஆண்டிலே பொன் தேடி வந்தோர் அமைத்த குடியேற்றம் அது. 1877இல் அங்கே பல்கலைக்கழகம் ஒன்று தன் கதவுகளைத் திறந்தது. நகரின் மேற்கெல்லையில், சாய்த்து நிறுத்திய பலகைகள் போலப் பெரும் பாறைகள் எழுந்து நிற்கின்றன. இஸ்திரிப்பெட்டியின் பெயரையே அவ்வூரார் அவற்றுக்கு இட்டிருக்கின்றனர். அந்தப் பாறைகளையும் அவற்றைச் சூழ்ந்த மலைச்சரிவுகளையும் காப்பதற்கு எழுந்த முயற்சியிலேதான் நமது கதையின் வேர் இருக்கிறது.

1950இல் இருபதினாயிரம் பேர் வாழ்ந்த ஊரில், 1960இல் ஏறக்குறைய முப்பத்தெண்ணாயிரம் பேர் வாழ்ந்தனர். மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சிக் கூடங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து வீடுகளும் பெருகின. மலைச்சரிவிலே மேலும் மேலும் ஏறிச் சென்று வீடு கட்டத் தலைப்பட்டனர். இதனைக் கண்டு கவலை கொண்டோருள் இருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். றொபர்ட் மக்கெல்வி கணிதம் கற்பித்தவர்; அல்பேர்ட் பார்ட்லெற் பௌதிகம் கற்பித்தவர். அவர்களும் அவர்களுடைய நண்பர்களும் கண்ட வழி மிக எளியது. மலைச்சரிவில் 5,750 அடி உயரத்தில் ஒரு கோடு வரைக. அதற்கு மேலே நகரசபை குடிநீர் கொடாது என்று நகரச் சாசனத்தில் எழுதுக! தண்ணீர் இல்லாத இடத்தில் யார் வீடு கட்டுவார்? 1959ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இது வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, பெரும்பான்மையோரின் ஆதரவுடன் நிறைவேறியது. “நீலக்கோடு” என்று அதனை அழைத்தனர். குழாய்நீரை ஆயுதமாகக் கொண்டு ஒரு மலையைக் காத்த இந்த யுத்தி, கணிதம் படித்த மூளைக்கே உரியது என்பது என் எண்ணம்.

அந்தக் கோட்டுக்கு மக்கள் தாமே மனமுவந்து ஒரு விலக்கும் அளித்தனர். வளிமண்டலத்தை ஆராய்வதற்கெனத் தேசிய நிலையம் ஒன்று 1960இல் நிறுவப்பட்டது. அதற்குரிய கட்டடத்தை நீலக்கோட்டுக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தில் அமைப்பதற்கு 1962இல் நகரத்தார் வாக்களித்து அனுமதி தந்தனர். ஐ. எம். பே என்னும் புகழ்பெற்ற சிற்பி மலையின் நிறத்தோடு ஒன்றிய கட்டடத்தை அங்கே எழுப்பினார். பூமியின் தட்பவெப்பத்தைக் கணிப்பொறியினால் கணித்தறியும் மாதிரிகள் பல அந்த நிலையத்தில் உருவாயின. தமிழ்நாட்டிலே பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் இராமநாதன் 1980களில் அங்கே பணியாற்றியவர். காபனீரொட்சைட்டு மட்டுமன்று, சிற்றளவிலே காற்றில் கலந்துள்ள வேறு பல வாயுக்களும் ஒன்றுசேர்ந்து அதற்கு நிகராகப் பூமியை வெப்பமாக்க வல்லன என்பதை 1985இல் அவரும் அவருடைய தோழர்களும் எடுத்துக்காட்டினர். ஆகவே, போல்டர் மக்களுக்கு இவ்விஞ்ஞானம் தொலைதேசத்துச் செய்தியன்று. அண்டை வீட்டுக்காரர் செய்யும் தொழில்!

1967ஆம் ஆண்டில் இன்னொன்று செய்தனர். கடைகளில் வாங்கும் பொருளின்மீது டாலருக்கு ஒரு சதம் கூடுதல் வரி கொடுக்க இசைந்தனர். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு நகரைச் சூழ்ந்த வெளிநிலங்களை விலைக்கு வாங்குவதற்கு, எஞ்சியது வீதிகளுக்கு. ஒன்றை வேண்டுவோர் அதற்குரிய பணத்தைத் தாமே தரவேண்டும் என்னும் பழக்கம் இவ்வாறு அவ்வூரில் ஊன்றியது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இப்பழக்கத்தை நினைவில் வைத்தல் வேண்டும்.

2001இல் அமெரிக்க அரசாங்கம் கியோட்டோ உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. நாடு ஏற்காவிட்டால் நகரம் ஏற்கட்டும் என்று போல்டரிலே குரல் எழுந்தது. 2002இல் நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: 1990இல் இருந்த அளவிலும் நூற்றுக்கு ஏழு குறைவாக, 2012க்குள் நகரம் வெளிவிடும் வாயுக்களைக் குறைப்பது. தீர்மானம் எழுதுவது எளிது. அதை நடத்தப் பணம் எங்கே? 2006ஆம் ஆண்டு நவம்பரில் அக்கேள்வி வாக்காளர் முன் வைக்கப்பட்டது. பாவிக்கும் மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப வரி. சாதாரண வீடு ஒன்றுக்கு ஆரம்பத்தில் மாதம் ஒன்றேகால் டாலருக்குச் சற்று அதிகம். காற்றாலை மின்சாரத்தை விரும்பி வாங்குவோருக்கு அப்பகுதிக்கு வரி இல்லை. நூற்றுக்கு அறுபது பேர் அளவில் ஆம் என்றனர். காபன் வெளியீட்டின்பேரில் வாக்காளரே இட்டுக்கொண்ட வரி அமெரிக்காவில் இதுவே முதலாவது. வீட்டுக் கூரைகளை வெப்பம் புகாது செப்பனிடவும், வீணாகும் மின்சாரத்தைக் கண்டறியவும் அப்பணம் பயன்பட்டது.

ஆயினும் 2012 வந்தபோது இலக்கு எட்டப்படவில்லை. காரணம் மறைவானதன்று. நகரின் கிழக்கோரத்தில் 1924 முதல் வல்மொன்ற் மின்நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தது. அது மட்டுமா? மாநிலத்தின் பல பகுதிகளுக்கு மின்சாரம் விற்ற எக்செல் எனர்ஜி என்னும் கம்பனியின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. வீட்டுக்காரர் விளக்கை அணைக்கலாம். உலையில் எதை இடுவது என்பதைக் கம்பனி தீர்மானித்தது.

நகரத் தெருக்களில் கம்பி இழுப்பதற்கு அக்கம்பனிக்குக் கொடுத்திருந்த இருபது ஆண்டு ஒப்பந்தம் 2010இல் முடிவுற்றது. குடிமக்கள் குழுக்கள் நகரசபையை நெருக்கின: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள், கம்பிகளையும் கம்பங்களையும் நாமே வாங்கி, நமக்கு வேண்டிய மின்சாரத்தை நாமே தேடுவோம்! 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் கம்பனி எதிர்ப்பிரசாரத்துக்குப் பெருந்தொகை செலவிட்டது. ஆதரவாளர் திரட்டியது அதிலே சிறு பங்குதான். ஆயினும் சொற்ப வாக்குப் பெரும்பான்மையால் மக்கள் வென்றனர். அதிலும் ஒரு நிதானம் இருந்தது. நகரம் மின்விநியோகத்தை ஏற்கும் நாளில், கட்டணம் கம்பனியின் கட்டணத்துக்கு மேற்படலாகாது என்றும், மின்சாரம் தடையின்றி வரவேண்டும் என்றும் சாசனத்திலேயே நிபந்தனை எழுதினர்.

அதன்பின் வந்தவை நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும். எந்தக் கம்பம் யாருக்கு, நகர எல்லைக்கு வெளியே உள்ள பாவனையாளரின் கதி என்ன, மாநிலப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முதலில் தீர்ப்பதா நீதிமன்றம் முதலில் தீர்ப்பதா என்று ஆண்டுகள் கழிந்தன. செலவு இரண்டு கோடி டாலரைத் தாண்டியது. முடிவில் 2020ஆம் ஆண்டு நவம்பரில், வாக்களித்தோரில் நூற்றுக்கு 53 பேர் அளவில் கம்பனியுடன் மீண்டும் ஒப்பந்தம் செய்ய இசைந்தனர்.

இது தோல்வியா? பத்தாண்டு உழைத்த பலர் அப்படித்தான் எண்ணினர். ஆனால், இதற்கிடையில் 2017இல் வல்மொன்ற் நிலக்கரி உலை அணைந்தது. 2018 டிசம்பரில் அதே கம்பனி, 2050க்குள் காபன் வெளிவிடாத மின்சாரமே தருவோம் என்று அறிவித்தது. அமெரிக்காவின் பெரிய மின்கம்பனிகளுள் அவ்வாறு வாக்களித்தது அதுவே முதல். காற்றாலையும் சூரியசக்தியும் மலிவடைந்தமையும் இதற்குக் காரணம். போல்டரின் நெருக்குதல் ஒன்றே காரணம் எனல் மிகை. எனினும், ஒரு நகரமே தன்னைவிட்டுப் போய்விடக்கூடும் என்னும் அச்சம் எந்த வியாபாரியையும் சிந்திக்கவைக்கும். கம்பங்களை வெல்லாதவர்கள் கம்பனியின் கணக்கிலே ஒரு பங்கை மாற்றினர் என்றே நான் கருதுகிறேன்.

நகரத்தாரின் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. சூழவுள்ள நிலத்தைப் பூட்டி வைத்ததனால் நகருக்குள் வீட்டு விலை உயர்ந்தது. அங்கே கற்பிப்போரும் நோயாளரைப் பராமரிப்போரும் கடைகளில் நிற்போரும் பல்லாயிரவராக அயலூர்களிலிருந்து நாள்தோறும் மோட்டார் வண்டிகளில் வந்து போகின்றனர். மலையைக் காத்த கோட்டுக்கு வெளியே அவ்வண்டிகளின் புகை எழுகிறது. வரி கொடுக்க முன்வந்தவர்கள், அயலில் ஒரு மாடிவீட்டுக்கு இடங்கொடுக்க அத்துணை விரைவாக முன்வரவில்லை.

இயற்கையும் காத்திருக்கவில்லை. 2013 செப்டெம்பரில், ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஒரே வாரத்தில் கொட்டி, மலைக் கணவாய்கள் வெள்ளக்காடாயின. 2021 டிசம்பர் 30ஆம் நாள், பனி மூடியிருக்க வேண்டிய பருவத்தில், காய்ந்த புல்வெளியில் பற்றிய தீ, மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசிய காற்றோடு சேர்ந்து, அருகேயுள்ள லூயிவில், சுப்பீரியர் என்னும் ஊர்களுக்குள் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் சாம்பலாயின, இருவர் மாண்டனர். எரிந்தவை காட்டுக்குள் தனித்து நின்ற குடிசைகளல்ல. ஒழுங்கான தெருக்களில் அமைந்த வீடுகள்.

மறுவருடம், 2022 நவம்பரில், போல்டர் வாக்காளரிடம் மீண்டும் ஒரு வரி கேட்கப்பட்டது. பழைய வரிகள் இரண்டையும் நீக்கி, 2040ஆம் ஆண்டு வரை நீடிக்கும் புதிய காலநிலை வரி. ஆண்டுக்கு அறுபத்தைந்து இலட்சம் டாலர் அளவில் திரட்டுவது. பெரும்பான்மையோர் இசைந்தனர். 2006இல் இட்ட வரி வெப்பத்தைக் குறைப்பதற்காக மட்டுமே இடப்பட்டது. இந்தப் புதிய வரியின் ஒரு பகுதியோ, காட்டுத்தீயிலிருந்து ஊரைக் காப்பதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது.