மலைச் சாலையும் மழைநீரும்



குளிர் நாடுகளில் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். கஞ்சிக்குப் போடுகிற உப்பு சாலைக்கு எதற்கு? அங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும். உப்புக் கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. ஆகவே நகராட்சிகள் லாரிகளில் உப்பை ஏற்றிச் சென்று தூவுகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1938இல் இதைச் சோதனையாகத் தொடங்கியது. நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொரோண்டோ நகரிலும் உப்பு லாரி இல்லாமல் குளிர்காலம் கழிவதில்லை.

நம் கேமரன் மலையும் குளிர்ப் பிரதேசம்தான். ஆயினும் இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1978 பிப்ரவரி 1ஆம் நாள் பதிவாயிற்று. அந்தக் குளிரில் கம்பளியைத் தேடலாம், தண்ணீர் உறையாது. எனவே நமக்கு உப்பு வேண்டியதில்லை. நம் சாலைக்கு எதிரி மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிற மழை.

இந்தச் சாலையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப் பகுதியைக் கண்டு எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் வரை காடு காடாகவே இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, இதை மலைவாசத் தலமாக்கலாம் என்று கருதினார். 1926இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை வெட்டும் வேலை தொடங்கி, 1931இல் முடிந்தது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அடிவாரம் பேராக்கில், உச்சி பகாங்கில். சாலை மேலே ஏறிவரும்போதே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்கால மலாயாவில் பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் மேற்குக் கரைச் சமவெளியிலிருந்து மேலே வர இந்த ஒரே வழிதான் இருந்தது. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் இரண்டாவது சாலை 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் திறந்தது. அதுவரை தாப்பா சாலையில் மண் சரிந்தால் அரிசி மேலே வராது. தேயிலைப் பெட்டி கீழே போகாது. ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோயாளியும் காத்திருக்க வேண்டியதுதான். சாலை என்பது தோட்டத்தின் மூச்சுக் குழாய்.

மண் ஏன் சரிகிறது? நம் மலை கருங்கல் மலை. ஆனால் மேலே பல அடி ஆழத்துக்குக் கல் மக்கி மண்ணாகியிருக்கிறது. மழைநீர் ஊறினால் அம்மண் கனத்து, பிடிப்பை இழந்து, சாலைமேல் விழும். ஆகவே பொதுப்பணி இலாகாவின் முதல் வேலை நீரை வெளியேற்றுவது. மலைப்பக்கத்துக் கால்வாய் நீரை வாங்கிக்கொள்ளும். சாலைக்கு அடியில் போட்ட குழாய் அதைப் பள்ளத்துக்கு அனுப்பும். சரிவைப் படிப்படியாக வெட்டிப் புல் பதிப்பார்கள். தடுப்புச் சுவரில் சிறு துளைகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடியத்தான் அவை. துளை அடைபட்டால் நீரே சுவரைத் தள்ளிவிடும்.

இதில் யாருக்கு எந்தப் பொறுப்பு? தாப்பாவிலிருந்து வரும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை. அது பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தது. பட்டணத்துத் தெருக்களும் சாக்கடையும் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் சாலை தோட்ட நிர்வாகத்தினுடையது. எல்லைகள் மூன்று, மழைநீருக்கோ எல்லை கிடையாது. மேலே ஒருவர் விட்ட நீர்தான் கீழே இன்னொருவர் சாலையை அறுக்கிறது.

அந்த நீர் மண்ணையும் சுமந்துகொண்டு ஆற்றில் சேர்கிறது. 1963இல் மின்சாரத்துக்காக ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கர் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெட்டிய சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் கட்டடங்களுக்காகத் திருத்திய நிலங்களிலும் கரைந்த மண் பெர்த்தாம் ஆற்றின் வழியாக வந்து, அந்த நீர்த்தேக்கத்தில் ஏறக்குறைய பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. மண் இருக்கும் இடத்தில் நீர் நிற்காது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் நீர்மட்டம் ஏறியதால் அணையின் மதகுகளைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது; உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு நவம்பரில் சேற்று வெள்ளமும் மண்சரிவும் அதே வட்டாரத்தை மீண்டும் வாட்டின.

உப்புப் போடும் நாடுகளும் இதே பாடத்தைத்தான் கற்றன. சாலையில் தூவிய உப்பு பனியோடு கரைந்து ஓடைக்குப் போயிற்று, மீனைக் கெடுத்தது, கிணற்று நீரைக் கரிக்கச் செய்தது, வண்டிகளையும் பாலங்களையும் துருப்பிடிக்க வைத்தது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று 2001இல் கனடா அரசு முடிவு கூறியது. 2004இல் நடைமுறை விதிகளை வகுத்தது. உப்பை மழைபடாமல் கூரைக்கடியில் வைக்க வேண்டும். கண்ணளவாகக் கொட்டாமல் அளந்து போட வேண்டும். சிதறிப்போகாதபடி உப்புநீரில் நனைத்துத் தூவ வேண்டும். அவர்கள் உப்பைக் கைவிடவில்லை. ஊதாரித்தனத்தைக் கைவிட முயன்றார்கள்.

நாமும் சாலையைக் கைவிட முடியாது. ஆனால் நம் லயத்துக் கால்வாயில் நெகிழிப் பையும் செடிக் கழிவும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். சரிவில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கி வந்தாலோ, தோட்ட அலுவலகத்திலும் மாவட்ட மன்றத்திலும் உடனே சொல்லலாம். தொடர்மழை பெய்யும் இரவில், சரிவின் கீழே உள்ள வீடுகளில் பிள்ளைகளைத் தூங்க வைக்காமல், மேடான பத்திரமான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். அந்த மலையில் சாலை வெட்டியவர்களுக்கு அன்று இவற்றைச் சொல்ல ஆளில்லை. நமக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்ததைச் செய்வோம்.