மஞ்சள்னா சோடியம் மட்டும்தானா?

1) கொஞ்ச நாள் முன்னாடி நைட் டியூட்டியில ஒரு பாட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியல. "பக்கவாதமா டாக்டர்?"னு மகன் அழறார். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ரத்தத்துல சோடியம் பார்த்தோம்: 112. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கணும்.

2) பிரஷர் மாத்திரை உப்பை வெளியே தள்ளியிருக்கு. சோடியத்தை மெதுவா ஏத்தினோம் (வேகமா ஏத்தினா மூளைக்கே ஆபத்து). நாலாவது நாள் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. பார்த்தா பக்கவாதம், உள்ளே வேற. இந்த "பார்த்தா ஒண்ணு, உள்ளே ஒண்ணு" கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3) ரத்தத்துல இவ்வளவு சோடியம் இருக்குன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? இப்போ பெரும்பாலும் மின்முனை வச்சு அளக்கிறாங்க. நான் எம்பிபிஎஸ் படிச்சப்போ லேப்ல ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் இருந்தது. சீரத்தை நீர்த்து, புகை மாதிரி தீயில தெளிக்கும். தீ மஞ்சளா மாறும். அந்த மஞ்சள் எவ்வளவு பிரகாசமோ, சோடியம் அவ்வளவு.

4) இதை நீங்க வீட்டிலேயே பார்த்திருக்கீங்க. உப்பு போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்புல வழிஞ்சா, நீலத் தீ சட்டுனு மஞ்சளாகும்ல? அது சோடியம். தீபாவளி மத்தாப்புல பச்சை வந்தா பேரியம், சிவப்பு வந்தா ஸ்ட்ரான்ஷியம். ஒவ்வொரு தனிமமும் சூடானா தனக்குன்னு சில நிறங்களை மட்டும்தான் வெளியே விடும்.

5) ஆனா கண்ணுக்குத் தெரியிற நிறம் ஏமாத்தும். 1859-60ல ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பன்சனும் கிர்க்காஃபும் தீயின் ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியா பிரிச்சுப் பார்த்தாங்க. நிறம் தனித்தனிக் கோடுகளா உடைஞ்சது. ஒரு தனிமத்தின் கோடுகள் இன்னொண்ணுக்கு வராது, கைரேகை மாதிரி. அப்படியே சீசியம் (1860), ரூபிடியம் (1861) ரெண்டையும் கண்டுபிடிச்சாங்க.

6) சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1868 ஆகஸ்ட் 18. முழு சூரிய கிரகணம். நிழல் போன பாதையில குண்டூரும் மசூலிப்பட்டினமும் இருந்தது. ரெண்டுமே அன்னைக்கு மதராஸ் மாகாணம். பிரான்ஸிலிருந்து யான்சென் குண்டூருக்கு வந்தார். மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் போனார்.

7) முழு மறைவு சில நிமிஷம்தான். சூரியனின் விளிம்பில் தீப்பிழம்புகள் தெரியும். அதோட ஒளியைக் கோடுகளா பிரிச்சுப் பார்க்கணும். யான்சென் ஹைட்ரஜன் கோடுகளைப் பார்த்தார். அவை அவ்வளவு பளிச்சுனு இருந்ததால, கிரகணமே இல்லாம மறுநாளும் பார்க்கலாம்னு யோசிச்சு, பார்த்தும் காட்டினார்.

8) அந்தப் பிழம்பில் ஒரு மஞ்சள் கோடும் இருந்தது. மஞ்சள்னா சோடியம்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குப் பார்த்தவங்க சிலர் அப்படியே சோடியம்னு எழுதிட்டாங்க. போக்சன் அப்படி முடிச்சுடல. சோடியம் கோட்டின் இடத்துல, அல்லது அதுக்குப் பக்கத்துலன்னு ஒரு சந்தேகத்தை விட்டு வச்சார்.

9) அந்தப் "பக்கத்துல" எவ்வளவு தூரம் தெரியுமா? சோடியத்தின் ரெண்டு கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர். புதுக் கோடு 587.6. ஒன்றரை நானோமீட்டர்கூட வித்தியாசம் இல்ல. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மஞ்சள்.

10) அதே வருஷம் அக்டோபர்ல இங்கிலாந்தில் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டை அளந்தார். சோடியம் இல்லைன்னு உறுதியாச்சு. ஹைட்ரஜனா இருக்குமோன்னு ஆய்வகத்துல என்னென்னவோ செஞ்சு பார்த்தும் அந்தக் கோடு வரல. பூமியில் இல்லாத ஒரு தனிமமா? சூரியனின் கிரேக்கப் பெயரை வச்சு ஹீலியம்னு கூப்பிட்டாங்க. பலர் நம்பல.

11) 27 வருஷம் கழிச்சு, 1895ல, லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டு வந்த வாயுவை ஆராய்ந்தார். அதே 587.6! சூரியன்ல பார்த்த பொருள் கல்லுக்குள்ள இருந்து வந்தது.

12) இன்னைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறீங்கல்ல? பெரும்பாலான மெஷின்கள்ல அந்த ராட்சத காந்தத்தைக் குளிர வைக்கிறது திரவ ஹீலியம்தான், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்ல. ஒரு மஞ்சள் கோடு பாட்டியின் சோடியத்தைச் சொல்லுது. பக்கத்து மஞ்சள் கோடு மூளையைப் படம் எடுக்க உதவுது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தா?

13) அந்தக் கிரகணத்துக்கு மதராஸிலிருந்து இன்னொரு குழுவும் போச்சு, இன்னைக்குத் தெலங்கானாவில் இருக்கிற வனபர்த்திக்கு. தலைமை தாங்கினவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, போக்சனின் முதல் உதவியாளர். அதுக்கு முந்தின வருஷம்தான் ஒளி மாறும் நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருந்தார்.

14) எனக்கு அவரைப் பிடிக்கிறது வேற காரணத்துக்கு. 1874 டிசம்பர்ல வெள்ளி சூரியனைக் கடக்கப் போகுதுன்னு, அதை சாதாரண ஜனங்களுக்குப் புரிய வைக்க ஒரு சின்ன நூல் எழுதினார். ஆங்கிலத்தோட நிறுத்தல, நம்ம நாட்டு மொழிகள்லயும் வந்தது. 150 வருஷம் முன்னாடி ஒருத்தர் போட்ட த்ரெட்னு வச்சுக்கோங்க 🙂

15) அந்த வானாய்வகம் சென்னை நுங்கம்பாக்கத்துல இருந்தது. 1792ல கட்டினது. கல்லூரிச் சாலையில இப்போ வானிலை மையம் இருக்கிற வளாகத்துல, கல்வெட்டோட ஒரு கருங்கல் தூண் மட்டும் இன்னும் நிக்குது. சூரிய ஆய்வு 1899ல கொடைக்கானலுக்குப் போயிடுச்சு, இன்னைக்கும் நடக்குது.

16) இதெல்லாம் எதுக்கு இப்போ? போன மாசம் திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரத்தசோகை முகாமுக்குப் போனேன். பிளஸ் டூ பொண்ணு ஒருத்தி "செங்கல் சிவப்பு கால்சியம், ஆப்பிள் பச்சை பேரியம்"னு ஒப்பிச்சுக்கிட்டு இருந்தா. "பார்த்திருக்கியா?"ன்னு கேட்டேன். "இல்ல டாக்டர், பிராக்டிகல்ல இதான் எழுதணும்."

17) நானும் அப்படித்தான் மார்க் வாங்கினேன், குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா கேளம்பாக்கம், கோவளம் உப்பளங்களைப் பார்த்து வளர்ற பிள்ளைங்க அது. உப்போட மஞ்சளை ஒரு தடவையாவது பிரிச்சுப் பார்க்க வேணாமா? என் வண்டியில கிடந்த பழைய சிடியை எடுத்தேன். வகுப்பறை டியூப் லைட் வெளிச்சத்தை அதுல சாய்ச்சுக் காட்டினேன். பாதரசத்தின் பச்சையும் ஊதாவும் தனியாப் பளிச்சுனு நின்னது.

18) அடுத்து ஆபீஸ் ரூம் எல்இடி பல்பு. கோடே இல்ல, நிறங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து பட்டையா தெரிஞ்சது. "ரெண்டும் வெள்ளை லைட்டுதானே டாக்டர், ஏன் வேற வேற?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

19) ஆசிரியர்களே, பெற்றோர்களே, வீட்டில் இதைச் செய்யுங்க. 10 ரூபாய் செலவு. ஆனா டாக்டரா கண்டிப்பா சொல்றேன்: சிடி வழியாவோ, சிடியில பிரதிபலிச்சோ, எப்படியும் சூரியனைப் பார்க்க விடாதீங்க. விழித்திரை வெந்து போகும். வலிக்காது, அதனால தெரியாது. பார்வை போனப்புறம்தான் தெரியும்.

20) மயக்கம்னா சுகர், குழறல்னா பக்கவாதம், மஞ்சள்னா சோடியம். முதல்ல தோணுற பதில் பல நேரம் சரிதான். ஆனா "பக்கத்துல"ன்னு ஒரு சந்தேகத்தை விட்டு வச்சுட்டு அளந்து பார்க்கப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. அந்தப் பழக்கம் இல்லாம இருந்திருந்தா அன்னைக்கு அந்தப் பாட்டி வீடு திரும்பியிருக்க மாட்டாங்க.