பகிடி என்னும் சொல்

ஈழத்துத் தமிழர் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் "பகிடி" என்பதும் ஒன்று. பகிடி விடுதல், பகிடி பண்ணுதல், பகிடிக்கதை, பகிடிக்காரன் எனப் பல வடிவில் அது வழங்குகின்றது. ஒருவர் சொன்ன சொல் மற்றவர் மனத்தைச் சுட்டுவிட்டால், "பகிடிக்குச் சொன்னனான்" என்று ஆற்றுவதற்கு அச்சொல்லே உதவுகின்றது. நம்பத்தகாத செய்தி கொண்டுவருபவனை, "என்ன, பகிடி விடுகிறாயோ?" என்று சினந்து கேட்பதற்கும் அதுவே வேண்டியிருக்கின்றது. சிரிப்பு, சமாதானம், சினம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக நிற்கும் இச்சொல் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று ஆராய்வது பயனுடையது.

பழைய தமிழகராதிகளில் இது பெரும்பாலும் "பகடி" என்னும் வடிவிற் காணப்படும். பரிகாசம், விகடம் என்று பொருள் கூறுவர். தமிழ்நாட்டிலும் பகடி என்பதே எழுத்து வழக்கு. அண்மைக் காலத்து இலக்கிய விமரிசகர் அங்கதச் சுவையுடைய எழுத்தைக் குறிக்க அவ்வடிவையே விரும்பி ஆளுகின்றனர். ஈழத்து வாய்மொழியிலோ, ஈற்றிலுள்ள இகரம் நடுவிலுள்ள அகரத்தையும் தன் இனமாக்கிக்கொண்டது போலும், பகடி பகிடியாயிற்று.

இச்சொல்லோடு ஒப்புநோக்கத்தக்கது தெலுங்கு நாட்டில் வழங்கும் ஒரு கலையின் பெயர். அங்கே நாடோடிக் கலைஞர் பகற்பொழுதில் வேடம் பூண்டு, வீதிதோறும் வீடுதோறும் சென்று, பலவகை மாந்தரைப் போல நடித்துக் காட்டுவர். அவ்வாட்டத்துக்குப் "பகடி வேஷம்" என்பது பெயர். நம்முடைய பகலே தெலுங்கிற் "பகலு" ஆகி, வேற்றுமையேற்கும்போது "பகடி" என நிற்கின்றது. தமிழிலும் பகல்வேடம் என்ற தொடர் உண்டு. நாயக்க மன்னர் மதுரையிலும் தஞ்சையிலும் ஆட்சி செய்த 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் தெலுங்கும் தெலுங்குக் கலைகளும் தமிழ்நாட்டில் நன்றாகப் பரவின. அவ்வழியாற் கலையின் பெயர் அக்கலை விளைக்கும் சிரிப்புக்குப் பெயராயிற்று என்று கொள்ள இடமுண்டு. ஒலியொற்றுமை மாத்திரம் இருந்தால் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இங்கே பொருளும் உடன் பொருந்துவதால் எளிதிற் தள்ளுவதற்கில்லை.

மகிழ்ச்சிச் சொற்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. விளையாட்டாகத் தொடங்குவன ஏளனத்திற் சென்று முடிகின்றன. "கேளி" என்னும் வடசொல்லுக்கு விளையாட்டு, களியாட்டு என்பனவே பொருள். அது தமிழில் ஒருபுறம் கேளிக்கையாகிக் களிப்பைக் குறித்து நின்றது. மறுபுறம் கேலியாகிப் பிறரை நகையாடுதலைக் குறித்தது. செயல் என்று மாத்திரம் பொருள்பட்ட சேஷ்டை, குறும்புச் சேட்டையாகித் தாழ்ந்தது. விகடம் ஒன்றே எதிர்வழியில் நடந்தது. கோணலான உருவத்தைக் குறித்த அச்சொல் பின்னர் நகைச்சுவைக்குப் பெயராகி மதிப்படைந்தது.

இவ்விரு திசைகளும் தொல்காப்பியர்க்குத் தெரிந்தேயிருந்தன. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கை அவர் கூறுகின்றார். உவகைக்கோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என வேறு நான்கு. விளையாட்டை உவகையின்பாலும் எள்ளலை நகையின்பாலும் வைத்த பாகுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. எள்ளலுக்கு உரை கூறப் புகுந்த பேராசிரியர், பிறரைத் தான் எள்ளி நகுதலை மாத்திரம் சொல்லி அமையவில்லை. தன்னைப் பிறர் எள்ளும்போது தான் நகுதலையும் அதனுள் அடக்கினார். எள்ளப்பட்டவனும் சிரிக்கின்றான் என்பது அவ்வுரையின் நுட்பம்.

பகிடி இவ்விரண்டும் சந்திக்குமிடத்திற் பிறப்பது. எள்ளலும் விளையாட்டும் அதிற் கலந்துள்ளன. ஆகவேதான் தமிழ்க் குடும்பங்களிற் பகிடி எல்லாரோடும் விடப்படுவதில்லை. மச்சானுக்கும் மச்சாளுக்கும் இடையே, மைத்துனர் இருவரிடையே, பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே அது உரிமை. தந்தையோடோ மாமனாரோடோ அப்படிப் பேசுதல் வழக்கமன்று. உரிமையுள்ள இடத்தில் விட்ட பகிடிக்கு மறுபகிடி உண்டு. திருப்பிச் சொல்ல வாயில்லாதவனிடத்தில் விடுவதைப் பெரியோர் பகிடியென்று ஒப்புவதில்லை.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசுகின்றனர். ஏசல் முற்றி, ஒருத்தி வணங்கும் தெய்வத்தை மற்றவள் இழித்துரைக்கும் எல்லைக்குப் போகின்றது. சைவத்தையும் வைணவத்தையும் அவ்வளவு துணிவாக எள்ளிய நூலைச் சைவரும் வைணவரும் போற்றிக் காத்தமைக்குக் காரணம், அடி இருபக்கமும் சமமாக விழுந்தமையே. இறுதியில் இருவரும் சமாதானமாகிவிடுகின்றனர். தெருக்கூத்திலே கட்டியங்காரன் அரசனையே எள்ளுவான். எளியவன் வலியவனை நோக்கி விடும் பகிடிக்கு அவை இடங்கொடுத்தது.

20ஆம் நூற்றாண்டில் இம்மரபை ஈழத்தில் வளர்த்தவர் சிலர். வானொலியிற் "சானா" எனப்பட்ட சண்முகநாதன் "இலண்டன் கந்தையா" முதலிய நாடகங்களால் வீட்டுப் பேச்சுத் தமிழை ஒலிபரப்புக்குரியதாக்கினார். "சுந்தர்" என்னும் புனைபெயருடைய சிவஞானசுந்தரம் 1963இல் "சிரித்திரன்" இதழைத் தொடங்கினார். அவர் வரைந்த சவாரித் தம்பரைக் கண்டு சிரித்தவர் பலர், தம்மூரில் ஒரு தம்பரையும் அறிந்திருந்தனர். சிலவேளை தம்மையே அதிற் கண்டனர்.

இத்தகைய சொல்லோடு "வதை" என்பது வந்து ஒட்டியது பல்கலைக்கழகத்தில். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பெற்று, 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. விடுதி வாழ்க்கையோடு, புதிதாய் வரும் மாணவரைப் பழைய மாணவர் கேலிசெய்து பழகும் ஆங்கில நாட்டு வழக்கமும் வேரூன்றிற்று. அது கொடுமையாக வளர்ந்தபோது, சிங்களத்தில் அதனை "நவக வதய" என்றனர். புதியவர்க்குச் செய்யும் வதை என்பது பொருள். தமிழிற் பகிடிவதை என்றனர். சிங்களம் துன்புற்றவனைப் பெயரில் வைத்தது. தமிழ், துன்புறுத்துவோன் சொல்லும் சாட்டையே பெயரில் வைத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளோ பெரும்பாலும் "ராகிங்" என்று ஆங்கிலச் சொல்லையே எழுதின.

இலக்கணம் கற்றோர்க்கு இத்தொகைச்சொல்லில் ஒரு சுவையுண்டு. பகிடியால் வதைத்தல் என மூன்றாம் வேற்றுமையாக விரிப்பதே இயல்பு. கீசகவதம் என்பது கீசகனை வதைத்தலாவது போல, பகிடியை வதைத்தல் என இரண்டாம் வேற்றுமையாக விரிப்பினும் இலக்கணம் தடுக்காது. நடந்தவற்றை நோக்கின் உண்மையும் தடுக்காது.

நடந்தவை சிறியன அல்ல. 1975இற் பேராதனையில் முதலாண்டு மாணவி ஒருவர் வதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் அங்கே பொறியியல் பயில வந்த தமிழ் மாணவர் ஒருவர் வதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பாராளுமன்றம், கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் வேறு வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பகிடிவதை செய்தவர்க்கு 2 ஆண்டு வரையும், அதன்போது கடுங்காயம் விளைவித்தவர்க்கும் பாலியல் தொல்லை செய்தவர்க்கும் 10 ஆண்டு வரையும் கடூழியச் சிறை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது.

சட்டம் அக்குற்றத்துக்குக் கூறும் இலக்கணத்திற் சிரிப்பைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மாணவர்க்கோ நிறுவனத்தின் பணியாளர்க்கோ உடற்காயமோ உளக்காயமோ மனவேதனையோ அச்சமோ விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய, எச்செயலும் அதனுள் அடங்கும். செய்தவன் அதனைப் பகிடிக்குத்தான் செய்தானா என்று அது கேட்பதில்லை.